ரம்பம் போடாமல் ஒரு ரம்பக் கதை

வகுப்பில் மணிக்கணக்காகப் பேசிக் கொல்பவருக்கு 'ரம்பம்', 'அறுவை', 'பிளேடு' என்று பட்டப்பெயர் வைத்தவர் எவராக இருந்தாலும், அவர் வாழ்நாளில் ஒரு பலகைகூட அறுத்திருக்க மாட்டார். நிஜ ரம்பத்துக்கு முன்னால் யாருக்கும் கொட்டாவி வராது. வந்தால் விரல் இருக்காது!

மூலக்கடையில் பஸ் ஏறி ஜி.என்.டி. சாலையில் மாதவரம், புழல் வழியாகச் செங்குன்றம் போனவர்களுக்கு அந்த வாசனை தெரிந்திருக்கும். புதிதாக அறுத்த மரத்தின் வாசனை. மரவாடிகள், மில்கள், கிடங்குகள், நடுவே கண்டெய்னர் லாரிகள். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை மாதவரம் தனி நகராட்சி. வெளியூர்க்காரர்களுக்கு அது பால்பண்ணை ஊர். வீடு கட்டுபவர்களுக்கு மரம் வாங்கும் ஊர்.

இந்த ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. மில்லுக்குள்ளே ஆள் உயரத்துக்குமேல் சுழலும் பேண்ட் சா பெருமரத்தை நூல் பிடித்தாற்போல அறுத்துத் தள்ளும். நாலு தெரு தள்ளிப் புது ஃபிளாட்டில் அலமாரி செய்யும் தச்சரோ, டைல்ஸ் அறுப்பதற்காகச் செய்த கட்டிங் மெஷினில் மர பிளேடை மாட்டி, கையால் பிடித்துக்கொண்டு ப்ளைவுட்டை அறுப்பார். அதே வேலைக்கென்று, அலுமினியத் தண்டவாளத்தின் மேல் ஓடும் ரம்பம் (ட்ராக் சா என்பார்கள்) ஜெர்மனியில் 1960களிலேயே வந்துவிட்டது. மில்லுக்கு வந்த நவீனம் ஃபிளாட்டுக்கு வர ஏன் இவ்வளவு தாமதம்? தச்சருக்குத் தெரியாததாலா? இல்லவே இல்லை. விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில் நூல். 'நூல் பிடித்தாற்போல' என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்களே, அது தச்சர் நூல். கரியிலோ காவியிலோ தோய்த்த நூலை மரத்தின் இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி விட்டால் 'டப்' என்று ஒரு கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் ரம்பத்தை நடத்துவதற்கு இரண்டு பேர் வேண்டும். தடிமரத்தைக் குழியின் மேல் கிடத்துவார்கள், அல்லது முட்டுக் கொடுத்துச் சாய்த்து நிறுத்துவார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. மேலே நிற்பவரின் கண் கோட்டில் இருக்கும். கீழே நிற்பவரின் கண்ணில் மரத்தூள் இருக்கும். மேனேஜ்மென்ட் பாடத்தில் மேலதிகாரி-ஊழியர் உறவு பற்றி நாலு அத்தியாயம் படிப்பதற்கு இது ஒன்றே போதும் :-)

சின்ன வேலைகளுக்குக் கைரம்பம். ஐரோப்பியக் கைரம்பம் தள்ளும்போது அறுக்கும். இந்தியத் தச்சரின் பழைய ரம்பம், ஜப்பானியருடையது போலவே, இழுக்கும்போது அறுக்கும். இழுத்தால் தகடு விறைப்பாக நிற்கும், அதனால் மெல்லிய தகடே போதும். தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் மிதித்துப் பிடித்து, தன் பக்கமாக இழுத்து அறுப்பவருக்கு அதுதான் தோது. 'மேஜை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள்' என்று இதைப் பார்த்துச் சிரித்த வெள்ளைக்காரர்கள் பின்னாளில் ஜப்பான் இழுவை ரம்பத்தைக் காசு கொடுத்து வாங்கிக் கொண்டாடியது வேறு கதை.

இந்தக் காலத்தில் யாருடைய கையில் எது இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மரம் வியாபாரியுடையது. ரம்பம் அறுப்பவருடையது. அறுப்பவருக்குக் கூலி அறுத்த அளவுக்குத்தான். ரம்பம் தடிமனாக இருந்து கொஞ்சம் மரம் கூடுதலாகத் தூளாகப் போனால் நஷ்டம் வியாபாரிக்கு. நல்ல ரம்பம் வாங்குவதற்கான செலவோ அறுப்பவருக்கு. இந்த முடிச்சு மறுபடி வரும்.

வடசென்னையில் மர வியாபாரம் மாதவரத்தில் தொடங்கவில்லை. பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் ரயிலுக்கும் பக்கத்தில், வால்டாக்ஸ் ரோடு, சூளை, சைடன்ஹாம்ஸ் ரோடு என்று நகரத்துக்குள்ளேயே மரக்கடைகள் இருந்தன. (வால்டாக்ஸ் என்பது கோட்டைச் சுவர் கட்டிய செலவுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி போட நினைத்த 'வால் டாக்ஸ்'. வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இப்போது அது வ.உ.சி. சாலை.) மரம் வந்ததோ கடல் வழியாக. பர்மாத் தேக்கை அறுக்க மோல்மீனிலும் ரங்கூனிலும் நீராவி மில்கள் இருந்தன. அந்தமானில் 1883-ல் சாத்தம் தீவு மர மில் தொடங்கியது. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் இன்றும் அது இருக்கிறது. ஆக, இயந்திர ரம்பத்தின் பல், மரம் கப்பலேறும் முன்பே அதன்மேல் பட்டுவிட்டது.

இயந்திர ரம்பத்தின் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1593-ல் ஹாலந்துக்காரர் கார்னெலிஸ் கார்னெலிஸ்ஸோன் காற்றாலையால் ஓடும் மர மில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். அதே மாதிரி ஒரு மில்லை லண்டன் லைம்ஹவுஸில் சார்லஸ் டிங்லி என்பவர் நடத்தியபோது, 1768 மே 10 அன்று சுமார் 500 மரமறுப்போர் திரண்டு வந்து உடைத்துவிட்டார்கள். அடுத்த வருஷமே மில்லை உடைப்பதைப் பெருங்குற்றமாக்கிப் பாராளுமன்றம் சட்டம் போட்டது. உடைத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். மரமும் ரம்பமும் ஒரே ஆளின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று அவர்கள் சரியாகவே கணக்குப் போட்டிருந்தார்கள்.

1777-ல் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் வட்ட ரம்பத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1808-ல் வில்லியம் நியூபெரி பேண்ட் சாவுக்குப் பெற்றார். ஆனால் நாடாபோல் நீளும் அந்த எஃகுப் பட்டையின் இரண்டு முனைகளையும் அறுந்துபோகாமல் ஒட்டும் வழி தெரியவில்லை. 1846-ல் பிரான்ஸில் க்ரெப்பான் என்ற பெண்மணி அதற்கு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கும்வரை, 38 வருஷம், காகிதத்தில்தான் அது நன்றாக ஓடியது.

பேண்ட் சா ஏன் ஜெயித்தது? கணக்குப் போட்டால் புரியும். அரை நிமிஷம் பொறுமை. 300 மில்லிமீட்டர் அகலக் கட்டையிலிருந்து 25 மில்லிமீட்டர் பலகைகள் அறுக்க வேண்டும். வட்ட ரம்பம் ஒவ்வொரு அறுப்புக்கும் 5 மி.மீ. தின்கிறது என்று வையுங்கள். 10 பலகை, நடுவில் 9 அறுப்பு: 250 + 45 = 295. அவ்வளவுதான், பதினோராவது பலகைக்கு இடமில்லை. பேண்ட் சா 2 மி.மீ. தின்கிறது என்றால்? 11 பலகை, 10 அறுப்பு: 275 + 20 = 295. அதே கட்டையில் ஒரு பலகை கூடுதல்! பத்துக்கு ஒன்று. எந்த வியாபாரத்தில் ரம்பத்தை மாற்றியதற்காக நூற்றுக்குப் பத்து சரக்கு சும்மா கிடைக்கும்?

ஆனால் அந்தப் பதினோராவது பலகை யாருக்கு? மில் முதலாளிக்கு மரமும் சொந்தம், மெஷினும் சொந்தம். செலவு செய்பவரும் லாபம் பார்ப்பவரும் ஒரே ஆள். அதனால்தான் மரவாடிகளுக்குள் பேண்ட் சா தயக்கமில்லாமல் நுழைந்தது. கூலிக்கு அறுத்துக் கொடுக்கும் மில்கள்கூட இந்தப் போட்டியிலிருந்து தப்ப முடியாது. தூள் அதிகம் போகும் மில்லுக்கு மரத்தைத் தூக்கிக்கொண்டு யார் போவார்?

கொஞ்சம் விலகி ஒரு விஷயம். மரத்தை அறுத்தால் தூள், உரித்தால் தூளில்லை. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. அதன் பெயர் 2021-ல் திறந்த விம்கோ நகர் மெட்ரோ ஸ்டேஷனில் நிற்கிறது. தீக்குச்சிக்கு மரத்தை அறுப்பதில்லை. உருண்டைக் கட்டையைச் சுழலவிட்டு நீளக் கத்தியால் பாய் சுருள்வதுபோல் உரித்து, பிறகு குச்சிகளாக நறுக்குவார்கள். ப்ளைவுட் செய்வதும் அதே வழிதான். உரித்த தகடுகளை ஒன்றன் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி அழுத்தினால் ப்ளைவுட். இந்த உரிக்கும் வித்தைதான் பின்னால் தச்சரின் ரம்பத்தையே மாற்றியது.

ஏனென்றால் பெருமரம் வருவது குறைந்துகொண்டே போனது. 1942-ல் ஜப்பான் பர்மாவையும் அந்தமானையும் பிடித்தபோது ஒரு அடி. போருக்குப் பிறகு, 1962 ராணுவப் புரட்சியைத் தொடர்ந்து, பர்மாவிலிருந்து தேக்குக்குப் பதில் தமிழர்கள் வந்தார்கள், வெறுங்கையோடு. வியாசர்பாடியிலும் எர்ணாவூர் பர்மா நகரிலும் அவர்கள் வாழ்க்கையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். 1996 டிசம்பர் 12-ல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு நாடு முழுக்க மரவெட்டுக்கும் மர மில்களுக்கும் கடிவாளம் போட்டது. 2002-ல் அந்தமான் காடுகளுக்கும் தனியாகக் கட்டுப்பாடு வந்தது. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது.

மிச்சம் இருந்தது? கானா, ஈக்வடார் போன்ற நாடுகளின் தோட்டத் தேக்கு. யானை இழுத்த பெருமரம் இல்லை, கண்டெய்னரில் அடுக்கி வரும் சின்னக் கட்டைகள். இருபது அடிக் கண்டெய்னரின் உள்நீளம் 5.9 மீட்டர்தான், மரமும் அதற்குள் அடங்க வேண்டும். துறைமுகத்துக்கு வடமேற்கே, நெடுஞ்சாலைமேல், மத்திய சேமிப்புக் கிடங்குக் கழகத்தின் கண்டெய்னர் நிலையத்தோடு இருக்கும் மாதவரம் இந்த வியாபாரத்துக்கு ஏன் தோதான ஊர் என்று இப்போது புரியும்.

சின்னக் கட்டை நிலைக்கும் கதவுக்கும் சரி. அலமாரி, கட்டில், சமையலறை எல்லாம் ப்ளைவுட்டுக்கும் எம்.டி.எஃப்.புக்கும் போயின. கும்மிடிப்பூண்டியிலேயே செஞ்சுரி ப்ளைக்கு ஆலை உண்டு. எட்டுக்கு நாலு அடித் தகடு, அதாவது 2440-க்கு 1220 மி.மீ., மேலே சன்மைக்கா. இங்கேதான் பழைய திறமை திண்டாடியது. தேக்குப் பலகையின் ஓரம் கொஞ்சம் பிசிறினால் இழைப்புளி போட்டுச் சரிசெய்யலாம். சன்மைக்கா ஒட்டிய தகட்டின் ஓரம் பல் பல்லாகப் பெயர்ந்தால் என்ன செய்வது? மறைக்கலாம். சரிசெய்ய முடியாது. அறுப்பே கடைசி வேலையாகிவிட்டது.

கையில் பிடிக்கும் மின்சார ரம்பம் அமெரிக்கச் சரக்கு. 1920களில் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த எட்மண்ட் மிஷேல், கரும்பு வெட்டுபவர்கள் அரிவாளோடு படும் பாட்டைப் பார்த்து, மோட்டார் வைத்த அரிவாள் ஒன்று செய்தார். அதிலிருந்து வட்ட ரம்பம் பிறந்தது. 1924-ல் ஜோசப் சல்லிவனோடு கம்பெனி தொடங்கி விற்றார்கள். 'ஸ்கில்' என்ற பெயர் அப்படி வந்தது. வேகம் கிடைத்தது, நேர்கோடு கிடைக்கவில்லை. அதற்கு இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று பழையது: 1906-ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் செய்த நகரும் மேஜை ரம்பம், இன்றைய பேனல் சா. பலகையை ரம்பத்திடம் கொண்டுபோவது. இன்னொன்று ரம்பத்தைப் பலகையிடம் கொண்டுபோவது. ஃபெஸர், ஸ்டோல் என்ற இருவர் 1925-ல் தொடங்கிய ஃபெஸ்டோ (இருவர் பெயரின் தலைகளையும் ஒட்டிய பெயர்) 1960களில் ரம்பத்துக்குத் தண்டவாளம் போட்டது. அந்தக் கருவிப் பிரிவு 2000-ல் தனியாகப் பிரிந்து ஃபெஸ்டூல் என்று அறியப்பட்டது.

தண்டவாளத்தில் அப்படி என்ன இருக்கிறது? நம்மூர்த் தச்சரும் அலுமினியப் பட்டியை கிளாம்ப் போட்டு, அதன் ஓரமாகக் கட்டிங் மெஷினை ஓட்டுவதுண்டு. அதில் இரண்டு தொல்லை. மெஷினின் அடித்தட்டு ஓரத்துக்கும் பிளேடுக்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு முறையும் கழிக்க வேண்டும். அப்புறம், பட்டி ஒரு பக்கம் மட்டும்தான் காவல். கை அந்தப் பக்கம் போகாது, இந்தப் பக்கம் விலகலாம். ட்ராக் சாவின் அடித்தட்டில் பள்ளம், தண்டவாளத்தில் மேடு. இரண்டு பக்கமும் விலக வழியில்லை. தண்டவாள ஓரத்தில் ஒரு ரப்பர் நாடா உண்டு. முதல் முறை ஓட்டும்போது ரம்பமே அதைத் தன் அளவுக்கு வெட்டிக்கொள்ளும். அதன்பின் நாடாவின் ஓரம் எங்கேயோ அங்கேதான் அறுப்பு. பென்சில் கோட்டின் மேல் வைத்தால் போதும், கழித்தல் கணக்கே இல்லை. அதே நாடா சன்மைக்காவை அழுத்திப் பிடிப்பதால் பிசிறும் எழாது. காவி நூல் போட்ட கோடு இப்போது மெஷினின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது.

கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. ஃபெஸ்டூல் டி.எஸ். 55-க்கு 160 மி.மீ. பிளேடு, பின்னால் ஒரு மெல்லிய தகடு. அறுத்த மரம் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வி மெஷின் பின்னால் உதைக்காமல் அந்தத் தகடு தடுக்கும். மகிட்டா எஸ்.பி. 6000-ல் 165 மி.மீ. பிளேடு, அந்தத் தகடு கிடையாது. ஆனால் முதலில் 2 மி.மீ. ஆழம் மட்டும் கீறிவிட்டுப் பிறகு முழுசாக அறுக்கும் நிறுத்தம் உண்டு. ஃபெஸ்டூல் தண்டவாளத்திலும் அது ஓடும். டிவால்ட்டின் தண்டவாளத்தை இரண்டு ஓரத்திலும் பயன்படுத்தலாம், ஆனால் மற்றவர்களுடையதோடு சேராது. பாஷும் மாஃபெலும் தங்களுக்குள் பொதுவாக ஒன்று வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புக்கு ஃபெஸ்டூல் ஒரு படி மேல். சன்மைக்கா வேலையே அதிகம் இருக்கும் சென்னைத் தச்சருக்கு, கீறும் நிறுத்தமும் கிடைத்த தண்டவாளத்தில் ஓடும் வசதியும் உள்ள மகிட்டா பொருந்தும். ஒரு விஷயம் மட்டும் எல்லாருக்கும் பொது: வழக்கமான தண்டவாளம் எட்டடிக்கு எட்டாது. எட்டடித் தகட்டுக்கு இரண்டை இணைக்க வேண்டும். இணைப்பு கோணினால் எல்லாமே கோணல்.

இன்னொன்று. இந்த மெஷினுக்கு மேஜை வேண்டாம். தரையில் ஒரு தெர்மாகோல் தகடு, அதன்மேல் ப்ளை, அதன்மேல் தண்டவாளம். தரையில் உட்கார்ந்து வேலை செய்து பழகியவருக்கு இதைவிடத் தோதான நவீன ரம்பம் இல்லை. லிஃப்டில் ஏறாத பேனல் சா செய்ய முடியாததை எட்டாவது மாடியில் இது செய்யும்.

பிறகு ஏன் கட்டிங் மெஷின்? பழைய முடிச்சுதான். ஃபிளாட் வேலையில் பெரும்பாலும் ப்ளைவுட்டை வாங்கிக் கொடுப்பவர் வீட்டுக்காரர். தச்சருக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி. ஓரம் பெயர்ந்து தகடு வீணானால் வீட்டுக்காரர் காசு. ட்ராக் சா வாங்கினால் தச்சர் காசு. கட்டிங் மெஷின் சில ஆயிரம், ட்ராக் சாவும் தண்டவாளமும் பல பத்தாயிரம். லாபம் ஒருவருக்கு, முதலீடு இன்னொருவருக்கு என்றால் எந்த முட்டாள் முதலீடு செய்வான்? தச்சர் எடுப்பது அறியாமையால் வந்த முடிவல்ல, பி.காம். மாணவன் பரீட்சையில் எழுதினால் முழு மார்க் வாங்கும் முடிவு.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு செலவு விட்டுப்போகிறது. கட்டிங் மெஷின் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்குமேல் சுழலும். கல்லையும் ஓட்டையும் அறுக்கும் பல்லில்லாத வைர பிளேடுக்கான வேகம், வைர பிளேடுக்கான மூடி. பல் வைத்த மர பிளேடை மாட்டினால் அது கவ்வும், உதைக்கும். பிளேடு பாதி எப்போதும் வெளியே. ட்ராக் சாவிலோ கையை எடுத்தால் ஸ்பிரிங் பிளேடை மூடிக்குள் இழுத்துக்கொள்ளும். தூளும் குழாய் வழியாக வாக்குவம் கிளீனருக்குப் போகும். மரத்தூளை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகைப் பொருட்களில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது. குழியில் கீழே நின்றவரின் கண்ணில் விழுந்த அதே தூள், இப்போது மூடிய அறையில்.

விரலுக்கு விலை உண்டா? உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அச்சடித்தே வைத்திருந்தார்கள். கட்டைவிரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கையின் நாலு விரலும் போனால் 50. 2009-ல் சட்டத்தின் பெயர் மாறியது. 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை உள்வாங்கிக்கொண்டது. இண்டஸ்ட்ரியல் லா பேப்பருக்காக இந்த எண்களை மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். மனப்பாடம் செய்யும்போது உறைக்காத ஒன்று: இழப்பீடு கேட்க ஒரு முதலாளி வேண்டும். சதுர அடிக்குப் பேசி வேலை எடுத்த தச்சருக்கு முதலாளி யார்? வீட்டுக்காரரா? அவர் 'கான்ட்ராக்ட்' என்பார். 1994-ல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தச்சர்கள் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்து, புதுப்பித்து, ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால்.

மாற்றம் வந்த இடமும் இதே கணக்கைத்தான் காட்டுகிறது. மாடுலர் கிச்சன் செய்து தருபவர்கள் பலகையையும் தாங்களே வாங்கி, கூலியையும் சேர்த்து மொத்தமாக ஒரு விலை சொல்கிறார்கள். பெயர்ந்த ஓரம் அவர்கள் நஷ்டம், மிச்சமான தகடு அவர்கள் லாபம். பட்டறையில் பேனல் சா போட்டவர்கள் அவர்கள்தான், வீட்டில் பொருத்தும்போது ட்ராக் சா எடுத்து வருபவர்களும் அவர்களில்தான் இருக்கிறார்கள். மரவாடி முதலாளி பேண்ட் சா வாங்கிய அதே காரணம். ஜி.என்.டி. சாலையில் நிலையும் கதவும் அறுத்து வாங்கிக்கொண்டு, ப்ளைவுட்டை மினி லாரியில் ஏற்றி ஃபிளாட்டுக்குப் போகும் வீட்டுக்காரர், அங்கே காத்திருக்கும் தச்சரிடம் இன்னும் சதுர அடிக்கு எவ்வளவு என்றுதான் பேரம் பேசுகிறார். என்ன மெஷின் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை.